வரியில்லாத கோல்

ஒத்தைக்கோல் என்று கேட்டால் பால் மணம் மாறாத பிள்ளைகூட அவர் வீட்டைக் காட்டிவிடும். அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கும் மருந்துச் சீட்டுக்கும்தான் தெரியும். வயது அறுபத்தெட்டு. மனைவியைக் கேட்டால், "உடம்புக்கு அறுபத்தெட்டு, வாய்க்கு இன்னும் பதினெட்டுதான்" என்பார்.

இந்தப் பட்டப்பெயர் வந்த கதையை அவர் டீக்கடையில் சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர் கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். நாம் சுருக்கமாகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் அந்தக் கதை தப்பு. அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இருபத்தொன்பது வருடமாகத் தப்பான கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கே போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

அந்த ஊரில் ஒரு காலத்தில் மின்சார ரயில் ஓடியது. பெரிய ரயில் என்று நினைத்துவிட வேண்டாம். பதினொரு மைல் பாதை, ஏழு பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியாக ஓடும். பெட்டியின் தலையில் நீளமாக ஒரு கழி இருக்கும். கழியின் நுனியிலுள்ள சின்னச் சக்கரம் மேலே கட்டிய கம்பியைத் தொட்டுக்கொண்டு வரும்வரை வண்டி ஓடும், தொடுப்பு விட்டால் நின்றுவிடும். விடியற்காலையில் நூல் ஆலைக்கு ஆள் ஏற்றும், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் போகிறவர்கள். ஐம்பத்துநான்கு வருடம் இப்படி ஓடியது. பிறகு பஸ் வந்தது, ஆலை மூடியது, இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை ரயிலும் நின்றது. கம்பிக் கம்பங்களில் சில இன்னும் நிற்கின்றன. கேபிள் டிவிக்காரர்கள் அவற்றைத் தங்கள் பாட்டன் சொத்து மாதிரி பயன்படுத்துகிறார்கள். பஸ்சில் கண்டக்டர் இன்றைக்கும் "ரயிலடி எல்லாம் இறங்கு" என்று கத்துவார். இறங்கிப் பார்த்தால் அங்கே ஒரு டைல்ஸ் கடை இருக்கும்.

பாதையில் பெரும்பகுதி இரட்டைத் தடம். நடு நிலையத்துக்கும் மேட்டு நிலையத்துக்கும் இடையே இரண்டரை மைல் மட்டும் ஒற்றைத் தடம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், நடுவில் எதிரே வருவது தெரியாத ஒரு வளைவு. அங்கே இரண்டு வண்டி எதிரும் புதிருமாக வந்துவிடாமல் இருக்க, ஒரு முழ நீளத்தில் ஒரு பித்தளைக் கோல் வைத்திருந்தார்கள். கோல் கையில் இருக்கும் டிரைவர் மட்டும்தான் அந்தத் தடத்தில் வண்டியை விடலாம். மேலே போனதும் கோலை நிலையக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கொக்கியில் மாட்டி வைத்து, அடுத்துக் கீழே இறங்கும் டிரைவருக்குக் கொடுப்பார். கோல் ஒன்றே ஒன்று என்பதால் தடத்தில் வண்டியும் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும்.

கோல் கை மாறும்போது வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது அந்த லைனின் வழக்கம். கொடுக்கிறவர் "கோல் கொடுத்தேன்" என்பார். வாங்குகிறவர் "கோல் வாங்கினேன்" என்பார். பழக்க தோஷத்தில், வீட்டில் மனைவி காபித் தம்ளரை நீட்டினாலும் "வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு அசடு வழிந்த டிரைவர்கள் உண்டு.

நம் ஆள் பத்தொன்பது வயதில் டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். இருபத்தாறில் டிரைவர் ஆனார். ரயில் பணிமனையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தவர், பையன் நல்ல பையன் என்று தன் தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுத்தார். அவரை எல்லோரும் லேத்து மச்சான் என்றே கூப்பிட்டார்கள், மச்சான் முறை இல்லாதவர்களும்கூட. டிரைவரான முதல் வாரமே இவர் கோலை மேட்டு நிலையத்துக் கல்படியில் தவறவிட்டார். கோலின் தலைப்பக்கம் நெல்மணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. நிலையக்காரர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம், கோல் கையில் வந்தபோதெல்லாம் இவருடைய கட்டைவிரல் தானாக அந்தச் சில்லு பெயர்ந்த இடத்தைத் தேடிப் போய்த் தடவிக்கொண்டிருக்கும்.

முப்பத்தெட்டாவது வயதில் அந்தக் கோலைத் தொலைத்தார்.

அன்றைய கடைசி இறக்கம். வளைவில் கழி கம்பியைவிட்டுக் குதித்து வண்டி நின்றுவிட்டது. டிரைவர் வண்டியைவிட்டு இறங்கினால் கோலையும் உடன் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், சட்டம் அப்படி. இவர் கோலை இடுப்பு பெல்ட்டில் பின்பக்கமாகச் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து இழுத்து, கழியை மறுபடி கம்பியில் ஏற்றினார். நடு நிலையம் வந்து கையைப் பின்னால் கொண்டுபோனால் பெல்ட் இருந்தது, கோல் இல்லை. கோலைத் தொலைத்தவருக்கு எச்சரிக்கை, அபராதம் என்றெல்லாம் எதுவும் கிடையாது, நேராக வேலை நீக்கம்தான். நடு நிலையக்காரருக்கு ஓய்வு பெற நாலு மாதம் பாக்கி. "காலைல முதல் வண்டி கிளம்புறதுக்குள்ள கோல் என் மேஜைல இருந்தா, நான் எதையும் பாக்கல" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லேத்து மச்சான் பணிமனையிலிருந்து ஓடி வந்தார். "நீ வீட்டுக்குப் போ மாப்பிள்ளை. உன் மூஞ்சியப் பாத்தா ஊருக்கே விஷயம் தெரிஞ்சிடும். நான் தேடி எடுத்துட்டு வர்றேன்."

மறுநாள் முதல் வண்டிக்கு முன்னால் மச்சான் கோலோடு வந்து நின்றார். கோல் பளபளவென்று இருந்தது.

"புதர்ல, சேத்துக்குள்ள கிடந்துச்சு மாப்பிள்ளை. லேத்துல போட்டு மெருகேத்திட்டேன். தலைல இருந்த சில்லையும் சமப்படுத்திட்டேன். பிடியில மூணு வரி வெட்டியிருக்கேன், இனிமே வழுக்காது."

இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சான் காலில் விழாத குறைதான். மூன்று வரி போட்ட பிடி மற்ற டிரைவர்களுக்கும் பிடித்துப்போனது, குளிரில் கை நழுவாமல் இருக்கிறது என்றார்கள்.

அது நடந்து பதினொரு மாதம் கழித்து ஒரு காலை நேரம். எதிரே நீட்டிய கை தெரியாத அளவுக்கு மூடுபனி. இவர் ஏழு நிமிடம் தாமதமாக நடு நிலையம் வந்து, கோல் வாங்கினேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு, ஒற்றைத் தடத்தில் ஏறினார். வளைவில் திரும்பினால் எதிரே ஒரு விளக்கு வருகிறது. இவர் பிரேக் போட்டார், எதிரே வந்தவரும் போட்டார், அப்படியும் இரண்டு வண்டியும் முட்டிக்கொண்டன. முன்கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு பால்காரருக்குக் கை முறிந்தது. யார் உயிரும் போகவில்லை.

எதிர் வண்டியில் நெட்டை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், வண்டிக்குள் கழுத்தைக் குனிந்தே ஓட்டுவார், பேச்சு குறைவு. இவர் குதித்து இறங்கிக் கத்திய முதல் வார்த்தை, "கோல் இல்லாம எப்படிய்யா வண்டிய விட்ட?"

"கோல் என்கிட்டதான் இருக்கு" என்றார் நெட்டை. எடுத்துக் காட்டத் திரும்பினார். கோல் மாட்டியிருந்த முன்பலகையே பிய்ந்து போயிருந்தது. கண்ணாடி இருந்த இடத்தில் பள்ளமும் பனியும் தெரிந்தன.

விசாரணை பணிமனை மாடியில் நடந்தது. மேட்டு நிலையக்காரர், தான் கோல் கொடுக்கவே இல்லை என்றார். கொக்கி காலியாகத்தான் இருந்தது, தான் பின்பக்கம் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். நெட்டை தன் முறை வந்ததும் எழுந்து நின்றார். "நாலு நிமிஷம் லேட்டு. நிலையக்காரரக் காணோம். கொக்கியில கோல் தொங்குச்சு. கோல் தொங்குச்சுன்னா கீழேருந்து வர்ற வண்டி வந்து ஆலைப் பக்கம் திரும்பிடுச்சுன்னு அர்த்தம். நானே எடுத்துக்கிட்டேன். அது என் தப்பு. ஆனா கோல் என் கையில இருந்துச்சு. வரி இல்லாத கோல்."

"வரி இல்லாத கோலா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"ஆமாங்க. கையில வழுக்குச்சு. அவரு கையிலயும் கோல் இருந்துச்சு, நான் பாத்தேன். என் கையிலயும் இருந்துச்சு."

அறை சிரித்தது. அதிகாரி நம் ஆளைப் பார்த்து, "இந்த லைன்ல மொத்தம் எத்தனை கோல்?" என்று கேட்டார். இவர் மூன்று வரி போட்ட கோலை மேஜைமேல் ணங்கென்று வைத்தார். "ஒத்தைக் கோலுங்க. அது என் கையில இருந்துச்சு." அறை மறுபடி சிரித்தது. அன்று சாயங்காலமே பட்டப்பெயர் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் நெட்டைக்கு வேலை போயிற்று. குடும்பத்தோடு ஊர்க்கோடிக்குக் குடிபோனார். அடுத்த இரண்டு வருடத்தில் லைனே போயிற்று. கடைசி நாளன்று அலுவலகத்தில் இருந்தவர்கள் கோலை இவருக்கே நினைவுப் பரிசாகக் கொடுத்துவிட்டார்கள். இவர் அதைக் கூடத்துச் சுவரில், கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினார். பிறகு பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலைக்குப் போனார், ஓய்வு பெற்றார், சனிக்கிழமைதோறும் கோலைத் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். அவருடைய வாழ்க்கை என்று சொன்னால் அவ்வளவுதான். நிம்மதியான வாழ்க்கை என்றுதான் அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

பழைய பணிமனையில் ஒரு கண்காட்சி வைக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஓடி ஆடி அதைச் செய்தவர் ஒரு சரித்திர டீச்சர். ஐந்தாம் எண் பெட்டியை ஒரு கோழிப் பண்ணையிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து, பெயிண்ட் அடித்து, அறுபதடித் தண்டவாளத்தில் நிறுத்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஒத்தைக்கோல்தான் சிறப்பு விருந்தினர். அவர் கோலை ஐந்தாம் எண் பெட்டியில் மாட்டித் திறந்து வைக்க வேண்டும். 'இந்த லைனின் ஒரே கோல்' என்று அட்டையில் அழகான எழுத்தில் எழுதி வைத்தாகிவிட்டது. மாட்டிப் பார்க்க வீட்டிலிருந்து கோலை எடுத்து வந்திருந்த இவர், அட்டையைப் பார்த்துவிட்டு, "ஒரேங்கிறத இன்னும் கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம் டீச்சர்" என்றார்.

அப்போது மருந்துக்கடைப் பெண் உள்ளே வந்தார். ஆறு வருடமாக மாதம் தவறாமல் இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக் கொடுப்பவர், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று பொறுமையாகச் சொல்லி அனுப்புபவர். யார் வீட்டுப் பெண் என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"பழைய ரயில் சாமான் இருந்தா கொண்டு வரச் சொல்லிக் கடையில நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்களே டீச்சர்" என்று சொல்லி, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை மேஜையில் வைத்துப் பிரித்தார்.

கறுத்துப்போன ஒரு பித்தளைக் கோல். ஒரு முழ நீளம். பிடியில் வரி இல்லை.

முதலில் இவருக்குச் சிரிப்புதான் வந்தது. "யாரோ உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்கம்மா. இது டூப்ளிகேட்டு. லைன்ல கோல் ஒண்ணே ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே அதைக் கையில் எடுத்தார்.

எடுத்ததும் கட்டைவிரல் தானாகத் தலைப்பக்கம் போனது. அங்கே நெல்மணி அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

இவருக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. டீச்சர் ஏதோ கேட்கிறார், உதடு அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. விரல் மட்டும் அந்தச் சில்லைவிட்டு நகரவில்லை. முப்பது வருடம் ஆனாலும் விரலுக்கு மறதி இல்லை. இது தன் கோல், தான் தவறவிட்ட கோல். அப்படியானால் வீட்டுச் சுவரில் இத்தனை வருடம் தொங்கியது எது? மச்சான் சமப்படுத்திவிட்டேன் என்று சொன்ன சில்லு இங்கே அப்படியே இருக்கிறதே. பக்கத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க கிடைச்சது?"

"வளைவுக்குக் கீழ, மதகுக்குள்ள. அப்பா ஒன்பது வருஷம் தேடினாரு. ஞாயித்துக்கிழமையானா குச்சிய எடுத்துட்டு அந்தப் பள்ளத்துக்குப் போயிடுவாரு. பைத்தியம்னுகூடச் சொன்னாங்க."

"அப்பாங்கிறது..."

"நெட்டை டிரைவர்தாங்க எங்கப்பா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"கிடைச்சதும் ஏம்மா கொண்டு வரல?"

"யார்கிட்டங்க கொண்டு போறது? ஆபீஸ் கதவுல பலகை அடிச்சு அப்பவே ஏழு வருஷம் ஆயிடுச்சு." குரலில் கோபம் இல்லை, மாத்திரை சொல்கிற அதே குரல்தான். "உங்ககிட்டயாவது கொண்டு போய்க் காட்டலாம்லன்னு நான்தான் கேட்டேன். அப்பா வேணாம்னுட்டாரு. 'அவரு பொய் சொல்லலம்மா, அவரு கையிலயும் இருந்துச்சு. விஷயம் தெரியாத மனுஷன்கிட்டப் போயி என்னத்தக் கேக்குறது'ன்னாரு. நோட்டீசப் பாத்ததும், கேட்டாங்கன்னா குடுத்துடுன்னு எடுத்துக் குடுத்தாரு."

டீச்சர் அதற்குள் நகராட்சிக் குப்பையிலிருந்து மீட்ட விசாரணைக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். நாலாவது பக்கம். 'தான் எடுத்த கோலில் வரி இல்லை என்று எதிர்த்தரப்பு டிரைவர் சம்பந்தமில்லாமல் உளறினார்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே சாட்சி என்ற இடத்தில் இவருடைய கையெழுத்து. முழுப் பெயரையும் எழுதிச் சுழித்துப் போட்ட, கம்பீரமான கையெழுத்து.

என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மச்சான் அன்று கோலைக் கண்டுபிடிக்கவில்லை, லேத்தில் புதிதாக ஒன்று கடைந்துவிட்டார். பழையது பதினொரு மாதம் புதரிலேயே கிடந்தது. பிறகு தடம் பார்த்து நடக்கும் ஊழியர் யாரோ அதைக் கண்டெடுத்து, தொலைத்த டிரைவருக்கு வேலை போய்விடக் கூடாதே என்று சத்தம் போடாமல் மேட்டு நிலையத்துக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். அந்த லைனில் நல்ல மனசுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இரண்டு நல்ல மனசுக்காரர்கள் சேர்ந்து இரண்டு வண்டியை மோத விட்டார்கள்.

இரண்டு கோலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, டீச்சர் கூப்பிடக் கூப்பிட, வீட்டுக்கு நடந்தார். பத்து நிமிட வழிக்கு அரை மணி நேரம் ஆனது. மச்சானைக் கேட்க முடியாது, அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

மனைவி கூடத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தலையணை உறைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். இவர் இரண்டு கோலையும் அவர் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இது என்ன, எங்கே கிடைத்தது என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தார். அவர் கேட்கவில்லை. ஊசியை உறையில் குத்தி வைத்தார்.

"மாத்திரை போட்டீங்களா?"

அந்தக் கேள்வியில்தான் இவருக்கு விஷயம் புரிந்தது. காலையில் விழுந்த இடி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

"உனக்குத் தெரியும்."

"உக்காருங்க முதல்ல."

"உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்." அவர் உறையின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார். "விசாரணை நடந்த அன்னிக்குச் சாயங்காலம் அண்ணன் வந்துச்சு. நீங்க டீக்கடைல இருந்தீங்க. தண்ணிகூட வேணாம்னு சொல்லிட்டு இதோ இங்கதான் உக்காந்துச்சு. 'வரி இல்லாத கோல்னு அவன் சொன்னதும் எனக்கு மூச்சு நின்னுபோச்சு தங்கச்சி, எழுந்து வெளிய வந்துட்டேன்'னு சொல்லிக் குலுங்கிக் குலுங்கி அழுதுச்சு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிடுச்சு. தெரிஞ்சா நீங்க நேரா போய் ஒத்துக்குவீங்கன்னு."

"ஒத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"அதான். கோல் தொலைச்ச உங்களுக்கு வேலை போகும். கடைஞ்சு குடுத்த அண்ணனுக்குப் போகும். மூடி மறைச்ச நடு நிலையக்காரருக்குப் பென்ஷன் போகும். சொன்னா மூணு பேரு, சொல்லலன்னா ஒருத்தரு. அப்படித்தாங்க எண்ணிப் பாத்தேன்." பாதி தைத்த பட்டனைத் திருகினார். "அந்த ஒருத்தர் வீட்டுல அஞ்சு பேர் இருந்தாங்கன்னு அப்புறமாத்தான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் ரெண்டே வருஷத்துல எல்லாருக்குமே வேலை போச்சு."

இவருக்கு அவர்மேல் கத்த வேண்டும் போல இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்த மனுஷி, சனிக்கிழமைதோறும் தான் அந்தப் போலிக் கோலைத் தேய்க்கும்போது பழைய துணி கிழித்துக் கொடுத்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த முகத்துக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நினைத்தபோது, கோபத்தைவிட பயம்தான் அதிகமாக வந்தது. தனக்குத் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் நீண்ட நாளாக இருந்திருக்கிறார் என்கிற மாதிரி ஒரு பயம்.

"துணி குடுத்தியே" என்றார் கடைசியில்.

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு, அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு இவர் ஊர்க்கோடிக்குப் போனார். சில்லு பெயர்ந்த கோலை மட்டும் எடுத்துக்கொண்டார். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை விழாவில் எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்வது, அட்டையை மாற்றி எழுதச் சொல்வது, கோப்பின் நாலாம் பக்கத்துக்குப் பதிலாகத் தன் கையால் ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடுவது. இதையெல்லாம் கேட்டால் நெட்டை திட்டுவார், இல்லையென்றால் அழுவார், இல்லையென்றால் தோளைத் தட்டிக்கொடுப்பார். எது நடந்தாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனார்.

தெருவைப் பார்த்த ஒரு சின்ன அறையில் நெட்டை மின்விசிறிக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தார். வேலை போனதிலிருந்து அதுதான் தொழில். கதவில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார், ஆனால் கை நிற்கவில்லை. வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. "நானூத்திப் பன்னெண்டு. நானூத்திப் பதிமூணு." எண்ணிக்கை தவறினால் காயில் வீண், முதலிலிருந்து சுற்ற வேண்டும். இவர் வாசலிலேயே நின்றார். ஐநூறு தாண்டியது. ஐநூற்றைம்பது தாண்டியது. உயரமான அந்த மனிதர் இப்போது வண்டிக்குள் இல்லாதபோதும் கழுத்தைக் குனிந்தே உட்கார்ந்திருப்பதை இவர் பார்த்துக்கொண்டு நின்றார். அறுநூறில் நெட்டை கம்பியை வெட்டி, முனையை முறுக்கி வைத்தார்.

"வாங்க" என்றார்.

இவர் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். பெல்ட்டில் செருகியது, மச்சான் கடைந்தது, மனைவி மறைத்தது, ஒன்றையும் விடவில்லை. மூன்று வரியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் நெட்டை தலையாட்டினார்.

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்."

"சொல்லுங்க."

"உங்க கையில கோல் இருந்துச்சுன்னு எழுதியும் குடுக்கிறேன். கையெழுத்துப் போட்டு."

"எந்த ஆபீசுக்கு?" என்று கேட்டார் நெட்டை. குத்திக்காட்டுகிற கேள்வி அல்ல. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. இவர் பையைத் திறந்து கோலை எடுத்தார். வண்டிகள் மோதிய அன்று காலை மேட்டு நிலையத்தில் யாரும் சொல்லாமல் விட்ட வார்த்தையாவது இப்போது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கையாலும் கோலை நீட்டி, "கோல் கொடுத்தேன்" என்றார்.

நெட்டை கோலைப் பார்த்தார். நீட்டிய கைகளைப் பார்த்தார்.

"எந்த வண்டிக்கு?"

இவர் கையை மடக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார். நெட்டை அடுத்த அச்சை எடுத்துப் பொருத்தி, கம்பி முனையைச் செருகி, பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."